காசநோய்: நீங்கள் பழகியவர்களைப் பற்றி ஏன் கேட்கப்படுகிறது?

காசநோய் உறுதி செய்யப்பட்டவரிடம் சுகாதாரப் பணியாளர் சில வினாக்களைக் கேட்பார். வீட்டில் உடன் வசிப்போர் யார்? பணியிடத்தில் அருகில் அமர்பவர் யார்? ஓய்வு நேரம் எங்கே, யாருடன் கழிகிறது? இவ்விவரங்கள் எதற்கு என்ற ஐயமும், பெயர் வெளிப்பட்டுவிடுமோ என்ற அச்சமும் எழுவது இயல்பே. இவ்விடைகள் எவ்வாறு பயன்படுகின்றன என்பதை இப்பக்கம் விளக்குகிறது.

விடைகள் வரைபடமாவது எவ்வாறு?

நுரையீரல் காசநோய் காற்றின் வழியே பரவுகிறது. காற்றோட்டமற்ற அறையில் நெடுநேரம் உடனிருப்போருக்குத் தொற்றும் வாய்ப்பு மிகுதி. எனவே, யார் யாருடன் இருந்தார் என்பதை வரைபடமாக்கி ஆராய்வது பயன் தரும். இம்முறைக்குச் சமூக வலைப்பின்னல் பகுப்பாய்வு என்று பெயர்.

இதற்கு இரண்டு அட்டவணைகள் தேவை: ஒன்றில் நபர்கள், மற்றொன்றில் அவர்களுக்கிடையேயான தொடர்புகள். கணக்கீட்டிற்குப் பெயர்கள் தேவையில்லை, எண்களே போதும். ‘ஆர்’ என்னும் கட்டணமற்ற புள்ளியியல் நிரல்மொழியில் ‘ஐகிராஃப்’ என்ற தொகுப்பைக் கொண்டு, நபர்களைப் புள்ளிகளாகவும் தொடர்புகளைக் கோடுகளாகவும் வரையலாம்.

ஓர் எடுத்துக்காட்டு: நோயாளியின் எண் 1. ஒரே வீட்டில் வசிக்கும் மனைவியும் இரு பிள்ளைகளும் 2, 3, 4. உடன் பணிபுரிபவர் 5. அவருடன் விடுதி அறையில் தங்கியிருப்போர் 6, 7. மனைவிக்கு மூன்று கோடுகள். உடன் பணிபுரிபவருக்கும் மூன்று கோடுகளே. ஆயினும் வீட்டிலுள்ள நால்வரையும் விடுதி அறையிலுள்ள இருவரையும் இணைக்கும் எட்டு வழிகளும் 5-ஆம் நபர் வழியாகவே செல்கின்றன. மனைவி வழியாக ஒன்றும் இல்லை. நோயாளி அந்த ஒரு பெயரைக் கூறாவிட்டால், விடுதி அறையே வரைபடத்தில் இடம்பெறாது. அங்கு ஒருவர் வாரக்கணக்கில் இருமிக்கொண்டிருந்தாலும் பரிசோதனை அவரைச் சென்றடையாது.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஓர் ஊரில் மூன்றாண்டுகளில் 41 பேருக்குக் காசநோய் ஏற்பட்டது. வழக்கமான விசாரணையில் அதன் தொடக்கம் புலப்படவில்லை. வலைப்பின்னல் விவரங்களையும் கிருமிகளின் மரபணு வரிசையையும் இணைத்து ஆராய்ந்தபோது, ஒன்றெனத் தோன்றியது உண்மையில் இரு பரவல்கள் என்பது தெரியவந்தது. இவ்வாய்வு 2011-இல் வெளியானது.

வரைபடம் எவரையும் குற்றம் சாட்டுவதில்லை

கோடு, பழக்கத்தை மட்டுமே காட்டும். யாரிடமிருந்து யாருக்கு நோய் சென்றது என்பதைக் காட்டாது. 1984-இல் அமெரிக்காவில் 10 நகரங்களைச் சேர்ந்த 40 எய்ட்ஸ் நோயாளிகளின் தொடர்புகள் வரைபடமாக வெளியிடப்பட்டன. அதன் நடுவில் இருந்தவர் கலிபோர்னியாவுக்கு வெளியே வசித்தவர் என்பதைக் குறிக்க ‘ஓ’ என்ற ஆங்கில எழுத்து இடப்பட்டிருந்தது. அது பூச்சியம் எனப் பிழையாகப் படிக்கப்பட்டு, அந்நாட்டிற்கு நோயைக் கொண்டுவந்தவர் அவரே என்ற பழி பல ஆண்டுகள் நிலைத்தது. அப்பழிக்கு ஆதாரமில்லை என்பதை 2016-இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. நடுவில் இருப்பவர் நோயின் தொடக்கமாக இருக்க வேண்டியதில்லை.

நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் செய்ய வேண்டியவை

• வீட்டினரோடு, பணியிடம், விடுதி, வழிபாட்டுத் தலம் போன்ற இடங்களில் நெடுநேரம் உடனிருந்தோரையும் கூறுங்கள். பெயர் தெரியாவிடில் இடத்தையும் நேரத்தையும் கூறினால் போதும்.
• குடும்பத்தினர் முன் கூற இயலாத விவரம் இருப்பின், தனியே பேச வேண்டும் எனக் கேளுங்கள்.
• உடன் வசிப்போர் அனைவரும், அறிகுறி இல்லாவிட்டாலும், பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். நோய் இல்லை என உறுதியானால், தடுப்புச் சிகிச்சை குறித்து மருத்துவர் அறிவுறுத்துவார்.
• பாத்திரங்களைப் பகிர்வதாலோ கைகுலுக்குவதாலோ காசநோய் பரவாது. நோயாளியை ஒதுக்காதீர்கள்.
• உடல்நிலை தேறினாலும் மாத்திரைகளை இடையில் நிறுத்தாதீர்கள்.

அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் காசநோய்க்கான சிகிச்சை கட்டணமின்றி வழங்கப்படுகிறது. ஐயங்களுக்குக் கட்டணமில்லாத தேசிய உதவி எண்: 1800-11-6666.