பெயர் மாறிய இல்லக் கோப்புறையைத் திரைபடிப்பான் கொண்டு மீட்டல்

ஹோம் போல்டர் எனப் பரவலாக அழைக்கப்படும் இல்லக் கோப்புறை என்பது, கணினியில் ஒரு பயனருக்கு உரிய ஆவணங்கள், படங்கள், மென்பொருள் அமைப்புகள் முதலியன சேமிக்கப்படும் கோப்புறை ஆகும். இதன் பெயர் மாற்றப்பட்டால், அடுத்த முறை புகுபதிகை செய்யும்போது இயங்குதளத்தால் அதனைக் கண்டறிய இயலாது. மேக் கணினிகளில் இந்நிலையில் பழைய பெயரிலேயே வெறுமையான புதிய கோப்புறை ஒன்று உருவாக்கப்படுகிறது. தமது கோப்புகள் யாவும் அழிந்துவிட்டதாகவே பயனருக்குத் தோன்றும். உண்மையில் அவை வட்டிலேயே, வேறொரு பெயரின்கீழ் இருக்கின்றன. எனவே இது தரவு மீட்பு அன்று. பெயர் மீட்பே ஆகும். பார்வையற்ற பயனர் ஒருவர் வாய்ஸ்ஓவர் என்னும் திரைபடிப்பானைக் கொண்டு இதனைத் தாமே செய்யும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

பின்னணி

ஒவ்வொரு பயனருக்கும் தனி இல்லக் கோப்புறை என்னும் கருத்து யுனிக்ஸ் இயங்குதளத்திலிருந்து வந்ததாகும். 2001 ஆம் ஆண்டில் வெளியான மேக் ஓஎஸ் எக்ஸ் யுனிக்சை அடிப்படையாகக் கொண்டதால் இவ்வமைப்பு மேக் கணினிகளுக்கும் வந்தது. தொடக்க வட்டில் உள்ள யூசர்ஸ் கோப்புறைக்குள் ஒவ்வொரு பயனருக்கும் ஓர் இல்லக் கோப்புறை இருக்கும். அதன் பெயர் பொதுவாகப் பயனரின் கணக்குப் பெயரே ஆகும்.

வாய்ஸ்ஓவர் 2005 ஆம் ஆண்டு ஏப்ரலில் வெளியான மேக் ஓஎஸ் எக்ஸ் 10.4 பதிப்பு முதல் இயங்குதளத்துடன் இணைந்தே வருகிறது. இதனைத் தனியாக நிறுவ வேண்டியதில்லை. கமாண்ட் விசையுடன் எஃப் 5 விசையை அழுத்தினால் எந்தப் பயனர் கணக்கிலும் இது பேசத் தொடங்கும். சில விசைப்பலகைகளில் எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும். கன்ட்ரோல், ஆப்சன் ஆகிய இரண்டையும் ஒருசேர அழுத்துவது வாய்ஸ்ஓவர் விசை எனப்படும்.

பெயர் மாறும்போது நிகழ்வது

பயனர் கணக்கு பற்றிய பதிவும் இல்லக் கோப்புறையும் இரு வேறு இடங்களில் உள்ளன. கணக்குப் பெயர், பயனர் எண், இல்லக் கோப்புறையின் பாதை ஆகியன பதிவில் இருக்கும். கோப்புறையின் பெயரை மட்டும் மாற்றினால் பதிவில் உள்ள பாதை தானாக மாறுவதில்லை.

எடுத்துக்காட்டாக, ஆங்கில எழுத்துகளில் கயல் என்னும் கணக்குப் பெயர் கொண்ட ஒருவர், தமது பெயர் முழுமையாக இருக்கவேண்டும் என எண்ணிக் கோப்புறைக்குக் கயல்விழி எனப் பெயரிடுவதாகக் கொள்வோம். புகுபதிகை செய்துள்ள பயனர் தமது இல்லக் கோப்புறையின் பெயரை மாற்றுவதை இயங்குதளம் வழக்கமாகத் தடுக்கும். எனினும் வேறொரு நிர்வாகி கணக்கிலிருந்தோ டெர்மினல் கட்டளை மூலமோ மாற்ற இயலும். கோப்புறையின் பெயரை மாற்றிவிட்டுப் பதிவில் உள்ள பாதையை மாற்ற மறந்துவிடுவதாலும் இச்சிக்கல் எழுகிறது. அடுத்த புகுபதிகையில் இயங்குதளம் கயல் என்னும் கோப்புறையைத் தேடும். அது கிடைக்காததால் அப்பெயரில் புதிய ஒன்றை உருவாக்கும். கயல்விழி என்னும் கோப்புறையோ எல்லாக் கோப்புகளுடனும் அதன் அருகிலேயே இருக்கும்.

திரைபடிப்பான் பயனருக்கு உள்ள கூடுதல் சிக்கல்கள்

பேச்சின் வேகம், குரல், நிறுத்தக்குறிகளைப் படிக்கும் அளவு போன்ற வாய்ஸ்ஓவர் அமைப்புகளும் இல்லக் கோப்புறைக்குள், லைப்ரரி என்னும் உட்கோப்புறையில் சேமிக்கப்படுகின்றன. புதிய கோப்புறையில் இவை இல்லாததால் திரைபடிப்பான் இயல்புநிலைக் குரலில், இயல்புநிலை வேகத்தில் பேசும். தானாகத் தொடங்காமலும் போகலாம். அதாவது, கோப்புகள் காணாமற்போகும் அதே வேளையில், அவற்றைத் தேடுவதற்குரிய கருவியும் பழக்கமற்றதாகிவிடுகிறது. புதுக் கணினியில் வருவது போன்ற தொடக்க அமைப்புத் திரைகளும் தோன்றக்கூடும். இவற்றைக் கேட்கும் பயனர் கணினி முற்றிலும் அழிக்கப்பட்டுவிட்டதாகக் கருத இடமுண்டு.

இரண்டாவது சிக்கல், பெயர்களைச் செவியால் பிரித்தறிவதாகும். ஒரு பெயரின் இறுதியில் உள்ள இடைவெளி, பேரெழுத்து, சிற்றெழுத்து வேறுபாடு, இணைப்புக்கோடு, அடிக்கோடு ஆகியன சாதாரண வாசிப்பில் ஒலிக்காமல் போகலாம். காதுக்கு ஒன்றுபோல் ஒலிக்கும் இரு பெயர்கள் கணினிக்கு வெவ்வேறு பெயர்களாக இருக்கலாம்.

செய்யக்கூடாதவை

இச்சிக்கலால் கோப்புகள் அழிவதில்லை. பதற்றத்தில் செய்யப்படும் செயல்களாலேயே அவை அழிகின்றன. குறிப்பாகப் பின்வருவனவற்றைத் தவிர்க்க வேண்டும்.

- எந்தக் கோப்புறையையும் நீக்குதல். வெறுமையானது எனக் கருதி நீக்கப்படுவது பழைய கோப்புறையாக இருந்துவிடலாம்.
- பயனர் கணக்கை நீக்கிவிட்டுப் புதிதாக உருவாக்குதல்.
- புதிய கோப்புறையில் தொடர்ந்து பணியாற்றுதல். இதனால் கோப்புகள் இரு இடங்களில் சிதறும்.
- இயங்குதளத்தை மீண்டும் நிறுவுதல். இது இச்சிக்கலுக்குத் தேவையற்றது.

மீட்கும் முறை

1. பழைய கோப்புறையை அடையாளம் காணல். பாதிக்கப்பட்ட கணக்கிலேயே ஃபைண்டருக்குச் சென்று கமாண்ட், சிஃப்ட், சி ஆகிய விசைகளை ஒருசேர அழுத்தினால் கணினியின் வட்டுகள் பட்டியலிடப்படும். தொடக்க வட்டைத் திறந்து, அதனுள் யூசர்ஸ் கோப்புறையைத் திறக்க வேண்டும். கமாண்டுடன் 2 அழுத்தினால் உள்ளடக்கம் பட்டியலாக மாறும். அம்புக்குறி விசைகளால் ஒவ்வொரு பெயராகக் கேட்கலாம். மாறிய பெயர் கொண்ட கோப்புறையைத் திறந்து, அதனுள் டாக்குமென்ட்ஸ் கோப்புறையில் தமது கோப்புகளின் பெயர்கள் ஒலிக்கின்றனவா எனக் கேட்க வேண்டும். கோப்பின் உரிமை பயனரின் பெயரால் அன்றி, பயனர் எண்ணால் குறிக்கப்படுவதால் பழைய கோப்புறையைத் திறப்பதற்குத் தடை இராது.

2. இரண்டாவது நிர்வாகி கணக்கு. பயன்பாட்டில் உள்ள இல்லக் கோப்புறையின் பெயரை மாற்றலாகாது. ஆகவே வேறொரு நிர்வாகி கணக்கு தேவை. அது இல்லையெனில், சிஸ்டம் செட்டிங்சில் பயனர்கள், குழுக்கள் பகுதிக்குச் சென்று ஒன்றை உருவாக்கலாம். நிர்வாகி உரிமை கணக்கு பற்றிய பதிவில் உள்ளதே அன்றி இல்லக் கோப்புறையில் இல்லை. எனவே, முன்பு நிர்வாகியாக இருந்தவர் புதிய வெறுங்கோப்புறையுடன் புகுபதிகை செய்திருந்தாலும் நிர்வாகியே ஆவார்.

3. கணக்கு மாறுதல். பாதிக்கப்பட்ட கணக்கிலிருந்து முழுமையாக விடுபதிகை செய்ய வேண்டும். விரைவாகப் பயனர் மாறும் வசதியைப் பயன்படுத்தக் கூடாது. பின்னர் நிர்வாகி கணக்கில் புகுபதிகை செய்து, கமாண்ட், எஃப் 5 மூலம் வாய்ஸ்ஓவரைத் தொடங்க வேண்டும்.

4. சரியான பெயரை அறிதல். பயனர்கள், குழுக்கள் பகுதியில் பாதிக்கப்பட்ட பயனரின் பெயர்மீது வாய்ஸ்ஓவர் விசையுடன் சிஃப்ட், எம் அழுத்தினால் குறுக்குப் பட்டியல் திறக்கும். அதில் மேம்பட்ட தெரிவுகள் என்பதைத் தேர்ந்தால் இல்லக் கோப்புறையின் பாதை காட்டப்படும். அதன் இறுதியில் உள்ள பெயரை ஒவ்வோர் எழுத்தாகக் கேட்டுக் குறித்துக்கொண்டு, எதனையும் மாற்றாமல் கைவிடு பொத்தானை அழுத்தி வெளியேற வேண்டும்.

5. புதிய கோப்புறையை ஒதுக்குதல். ஓரிடத்தில் ஒரே பெயரில் இரு கோப்புறைகள் இருக்க முடியாது. ஆகவே யூசர்ஸ் கோப்புறையில் உள்ள கயல் என்னும் வெறுங்கோப்புறையின் பெயரை முதலில் மாற்ற வேண்டும். அதன்மீது ரிட்டர்ன் விசையை அழுத்தினால் பெயர் திருத்தும் நிலைக்கு வரும். கயல்-புதிது என்பது போல ஒரு பெயரைத் தட்டச்சு செய்து மீண்டும் ரிட்டர்ன் அழுத்த வேண்டும். நிர்வாகியின் கடவுச்சொல் கேட்கப்படும்.

6. பழைய பெயரை இடுதல். அதே முறையில் கயல்விழி என்னும் கோப்புறைக்கு, 4 ஆம் படியில் குறித்த பெயரைப் பிழையின்றி இட வேண்டும்.

7. சரிபார்த்தல். பெயரின்மீது வாய்ஸ்ஓவர் விசையுடன் டபிள்யூ விசையை அழுத்தினால் சொல் படிக்கப்படும். டபிள்யூவை மீண்டும் உடனே அழுத்தினால் எழுத்தெழுத்தாகப் படிக்கப்படும். இதன்பின் கணினியை மீளத் தொடங்கிப் பழைய கணக்கில் புகுபதிகை செய்யலாம்.

மீட்பு வெற்றி பெற்றதற்கான முதல் அறிகுறியும் செவிக்கே கிட்டுகிறது. புகுபதிகை முடிந்தபின் வாய்ஸ்ஓவர் பயனர் முன்பு தெரிவு செய்திருந்த குரலிலும் வேகத்திலும் பேசும். தொடர்ந்து டாக்குமென்ட்ஸ் கோப்புறையைத் திறந்து உறுதிசெய்து கொள்ளலாம். இடைப்பட்ட காலத்தில் சேமித்த கோப்புகள் கயல்-புதிது என்னும் கோப்புறையில் இருக்கும். அவற்றை உரிய இடத்திற்குப் படியெடுத்து, சில நாட்கள் பயன்படுத்திப் பார்த்த பின்னரே அக்கோப்புறையை நீக்குவது நன்று.

மாற்று வழி

கோப்புறையின் புதிய பெயரே வேண்டுமெனில், 4 ஆம் படியில் குறிப்பிட்ட திரையில் கணக்குப் பெயரையும் பாதையையும் கோப்புறைக்கு ஏற்ப மாற்றலாம். எனினும் சில மென்பொருள்கள் பழைய பாதையை முழுமையாகத் தம் அமைப்புகளில் சேமித்திருக்கும். அவை தம் கோப்புகளைக் கண்டறியத் தவறலாம். அத்திரையில் உள்ள பயனர் எண்ணைத் தவறுதலாக மாற்றினால் கோப்புகளின் உரிமையே குழம்பும். எனவே பழைய பெயரை மீட்பதே எளிய வழியாகும்.

பிற இயங்குதளங்கள்

விண்டோசில் பயனர் கோப்புறையின் பாதை ரெஜிஸ்ட்ரி எனப்படும் பதிவகத்தில் உள்ளது. அக்கோப்புறை கிடைக்காதபோது தற்காலிகப் பயனர் கோப்புறை அளிக்கப்படலாம். அதில் சேமிப்பவை விடுபதிகையின்போது அழிந்துவிடும் என்பதால் மேக் கணினியைவிட இங்குக் கூடுதல் கவனம் தேவை. என்விடிஏ திரைபடிப்பானின் பயனர் அமைப்புகளும் இல்லக் கோப்புறையிலேயே உள்ளதால் குரல் மாறும் அதே அறிகுறி இங்கும் தோன்றும்.

லினக்சில் ஒவ்வொரு பயனருக்கும் பாஸ்வேர்டு கோப்பில் ஒரு வரி உண்டு. அவ்வரியின் 6 ஆவது புலமே இல்லக் கோப்புறையின் பாதை ஆகும். கோப்புறை இல்லாவிடில் வரைகலை அமர்வு தொடங்காமல் போகலாம். அவ்வாறாயின் அவ்வமர்வில் இயங்கும் ஓர்கா திரைபடிப்பானும் தொடங்காது. பிஆர்எல்டிடிஒய் என்னும் மென்பொருள் பயனர் அமர்வைச் சாராத சேவையாக இயங்குவதால், பிரெய்ல் காட்டி வைத்திருப்போர் உரைமுனையத்தில் நிர்வாகியாக நுழைந்து பெயரைத் திருத்த இயலும்.

முன்னெச்சரிக்கைகள்

- கணினி நலமாக உள்ளபோதே இரண்டாவது நிர்வாகி கணக்கு ஒன்றை உருவாக்கி, அதில் திரைபடிப்பானைப் பழக்கமான குரலுடனும் வேகத்துடனும் அமைத்து வைத்தல்.
- கணக்குப் பெயரை எழுத்துப் பிசகின்றிக் குறித்து, கணினிக்கு வெளியே வைத்தல்.
- மேக் கணினிகளில் 2007 முதல் உள்ள டைம் மெசின் போன்ற காப்புநகல் வசதியைப் பயன்படுத்துதல்.
- திரையில் தோன்றும் பெயரை மட்டும் மாற்ற விரும்புவோர், பயனரின் முழுப்பெயரை மாற்றுதல். இதனால் இல்லக் கோப்புறைக்குப் பாதிப்பு இல்லை.