வாகை சூடுவது யார்? – பழந்தமிழ் வெற்றிப் பாடல்கள்

புனே நகரில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குப் 'பவாடா' என்னும் வீரப்பாட்டு புதிதல்ல. சிவஜயந்தி வந்துவிட்டால் டஃப் அதிர, துந்துணே ஒலிக்க, ஷாஹிர் உரத்த குரலில் பாடுவதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். 1659-இல் நடந்த அஃப்சல்கான் வதத்தைப் பற்றி அஞ்ஞானதாஸ் பாடியதும், சிங்ககட் கோட்டையைப் பிடித்து அங்கேயே உயிர்விட்ட தானாஜி மாலுசரேயைப் பற்றித் துளசிதாஸ் பாடியதும் மராட்டியர் போற்றிக் காத்துவரும் செல்வங்கள். இங்கே பள்ளிக்கூடம் போகும் நம்ம பிள்ளைகள், "நம்ம பாஷையில இந்த மாதிரிப் பாட்டு உண்டா?" என்று கேட்டால் அது நியாயமான கேள்விதான்.

உண்டு, நிறையவே உண்டு. புறநானூறும் பதிற்றுப்பத்தும் பரணிகளும் வெற்றியைப் பாடியவையே. ஆனால் வெற்றி என்றால் என்ன என்று நம் முன்னோர் வைத்திருந்த கணக்கு சற்றே வேறானது. அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பூவும் திணையும்

வெற்றி பெற்றவர் சூடியது வாகைப்பூ. மராட்டியில் இந்த மரத்தை 'ஷிரீஷ்' என்பார்கள். இங்கே பல வீடுகளில் பையன்களுக்கு வைக்கும் பெயரும் அதுதான். கோடையில் பூக்கும் இந்தப் பூவில் இதழ் தெரியாது. வெளிறிய மெல்லிய இழைகள் பஞ்சுபோல் விரிந்திருக்கும், நல்ல மணம் உண்டு. போரில் வென்றவன் தலையில் ஏறியது இவ்வளவு மென்மையான பூ என்பதே ஒரு வியப்பு.

இந்தப் பூவின் பெயரால் அமைந்தது வாகைத் திணை. தொல்காப்பியப் புறத்திணையியல் இதற்குத் தரும் விளக்கத்தில் 'எதிரியை வீழ்த்துதல்' என்ற பேச்சே இல்லை. அவரவர்க்கு உரிய இயல்பைக் குற்றமில்லாத முறையில், பிறரினும் வேறுபட்டு விளங்கும்படி மேம்படுத்திக் காட்டுவதே வாகை என்கிறது அந்நூல். ஆகவே போர்வீரனுக்கு மட்டுமல்லாமல் ஓதுபவனுக்கும், அறிவனுக்கும், தவம் செய்பவனுக்கும் வாகை உண்டு. தவறு செய்தவரைப் பொறுத்துக் காப்பதும், அரியணையையே துறந்து போவதும்கூட வாகையின் துறைகளாகவே அங்கே எண்ணப்படுகின்றன. பின்னாளில் ஐயனாரிதனார் இயற்றிய புறப்பொருள் வெண்பாமாலை அரச வாகையோடு வாணிக வாகை, வேளாண் வாகை என்றும் பெயரிட்டு வகைப்படுத்தியது. செம்மையாக உழுதவனும், நேர்மையாக வணிகம் செய்தவனும் வாகை சூடியவரே.

இதனால் பழந்தமிழர் போரை வெறுத்தவர் என்று சொல்லிவிட முடியாது. பகைவர் ஊரை எரித்ததையும், விளைநிலத்தைப் பாழாக்கியதையும் பெருமையாகவே பாடிய பாட்டுகள் உண்டு. பாண்டியன் முதுகுடுமிப் பெருவழுதி பகைவர் நாட்டின் தெருக்களைக் கழுதை பூட்டி உழுததைப் புறநானூற்றின் 15-ஆம் பாட்டில் நெட்டிமையார் பாடுகிறார். இதை நாம் மறைக்க வேண்டியதில்லை. அப்படிப்பட்ட காலத்தில் இருந்துகொண்டே சில புலவர்கள் வேறு விதமாகப் பேசினார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது.

வெண்ணிப் போர்

இன்றைய திருவாரூர் மாவட்டத்தில் கோயில்வெண்ணி என்ற ஊர் இருக்கிறது. சோழன் கரிகாலன் சேரமான் பெருஞ்சேரலாதனை வென்ற இடம் இது. போரில் சேரனுக்கு முதுகில் புண் பட்டது. வீரனுக்கு அதைவிடப் பெரிய வெட்கம் அந்நாளில் இல்லை. ஆகவே அவன் போர்க்களத்திலேயே வடக்கு நோக்கி அமர்ந்து, உண்ணாமல் உயிர் துறந்தான். இதற்கு வடக்கிருத்தல் என்று பெயர்.

அந்த ஊர்ப் பெண்புலவர் வெண்ணிக் குயத்தியார். குயவர் குலத்தவர் என்பது பெயரிலிருந்தே தெரிகிறது. புறநானூற்றின் 66-ஆம் பாட்டில் இவர் கரிகாலனை நேரில் விளித்துப் பேசுகிறார். கடலில் காற்றை வசப்படுத்திக் கலம் செலுத்தியவர் வழிவந்தவன் நீ என்று முதலில் அவன் குலப்பெருமையைச் சொல்கிறார், அவன் வென்றதையும் ஒப்புக்கொள்கிறார். அடுத்து ஒரு கேள்வி கேட்கிறார்: புறப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்து புகழ் பெற்றானே அவன், உன்னைவிட நல்லவன் அல்லவா? வென்ற மன்னனுக்கு முன்னால் தோற்றவனை உயர்த்திப் பேச எவ்வளவு துணிச்சல் வேண்டும்! அந்தப் பாட்டைத் தொகுத்தவர்கள் அதைக் கரிகாலனைப் பாடிய பாட்டாகவே சேர்த்து வைத்தார்கள் என்பதும் நினைத்துப் பார்க்க வேண்டிய செய்தி.

இதற்கு முந்தைய 65-ஆம் பாட்டில் கழாத்தலையார் அதே சேரனுக்காக வருந்துகிறார். பௌர்ணமி மாலையில் ஞாயிறும் திங்களும் எதிரெதிரே நிற்க, அவற்றுள் ஒன்று மலைக்குப் பின்னால் மறைவது போல அவன் மறைந்தான் என்பது அவர் காட்டும் உவமை. தோல்வி அவனைச் சிறியவனாக்கவில்லை.

தலையாலங்கானம்

அதே மாவட்டத்தில் உள்ள தலையாலங்காட்டில் நடந்தது இன்னொரு பெரும்போர். பாண்டியன் நெடுஞ்செழியன் மிக இளையவன். சேரன், சோழன், ஐந்து வேளிர் என ஏழு பேர் சேர்ந்து அவனை எதிர்த்தனர். போருக்குமுன் அவன் தானே பாடிய வஞ்சினம் 72-ஆம் பாட்டாக இருக்கிறது. "நான் தோற்றால் மாங்குடி மருதனைத் தலைவராகக் கொண்ட புலவர்கள் என் நாட்டைப் பாடாமல் போகட்டும்" என்ற பொருளில் ஒரு சூளுரை அதில் வருகிறது. நாடு போவதைப் போலவே பாட்டு போவதும் அவனுக்குப் பேரிழப்பு!

அவன் வென்றான். 77-ஆம் பாட்டில் இடைக்குன்றூர் கிழார் அவனை வியக்கிறார். காலில் குழந்தைச் சதங்கையை அப்போதுதான் களைந்தவன். பகைவர் திரண்டு வந்தபோது அவன் மலைக்கவில்லை. அவர்களை வீழ்த்திய பிறகு குதித்துக் கொண்டாடவும் இல்லை. வெற்றிக்குப் பின் உள்ள அந்த அடக்கம்தான் புலவர் கண்ணில் பட்டது.

பத்துப்பாட்டில் மிக நீளமான மதுரைக்காஞ்சி இதே நெடுஞ்செழியனுக்கு மாங்குடி மருதனார் பாடியது, 782 அடிகள். காஞ்சி என்றால் நிலையாமை. அவன் வீரத்தையும் மதுரையின் செல்வத்தையும் வாயாரப் புகழ்ந்தவர், உனக்குமுன் ஆண்ட மன்னர் பலர் மறைந்துபோனார்கள் என்பதையும் அவனுக்கு நினைவூட்டுகிறார். எந்தப் புலவர் பாடவேண்டும் என்று அரசன் ஆசைப்பட்டானோ, அவரே அவனுக்கு இதைச் சொன்னார்.

உறையூர் முற்றுகை

வென்றபின் சொல்வது ஒன்று, வெல்வதற்கு முன்பே தடுப்பது இன்னொன்று. சோழன் நலங்கிள்ளி உறையூரை முற்றுகையிட, நெடுங்கிள்ளி உள்ளே அடைத்துக்கொண்டு இருந்தான். இருவரும் ஒரே குடி. கோவூர் கிழார் 45-ஆம் பாட்டில் குறுக்கே வந்து நிற்கிறார். உன் எதிரி சேரனின் பனம்பூவைச் சூடியவன் இல்லை, பாண்டியனின் வேம்பைச் சூடியவனும் இல்லை. நீ சூடியதும் ஆத்தி, அவன் சூடியதும் ஆத்தி. இருவரும் வெல்ல முடியாது. யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடியே என்கிறார். சொத்துக்காக அண்ணன் தம்பி கோர்ட்டுக்குப் போகும் நம் காலத்துக்கும் இது அப்படியே பொருந்தும்.

பரணியின் பெயர்

பிற்காலத்துக்கு வந்தால், வெற்றிக்கென்றே பிறந்த நூல்வகை பரணி. ஆயிரம் யானைகளைக் கொன்ற வீரனுக்கே அது பாடப்படும் என்பது மரபு. முதற் குலோத்துங்கன் காலத்தில் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை வென்றதைச் செயங்கொண்டார் பாடினார். அந்நூலின் பெயர் சோழப்பரணி அன்று, கலிங்கத்துப்பரணி! பரணிக்குத் தோற்றவர் பெயரையே வைப்பது வழக்கம். ஒட்டக்கூத்தரின் தக்கயாகப்பரணியும் சிவனிடம் தோற்ற தக்கனுடைய யாகத்தின் பெயரையே தாங்கி நிற்கிறது. வென்றவன் புகழைப் பாட வந்த நூலின் முகப்பில் தோற்றவனுக்கும் இடம் கிடைத்துவிடுகிறது.

நம் வீட்டில்

மராட்டிய மரபும் இந்த இடத்தில் நமக்கு மிக அருகில் வருகிறது. 1670-இல் கொண்டாணா கோட்டை கைக்கு வந்தது, தானாஜி திரும்பவில்லை. கோட்டை வந்தாலும் சிங்கம் போயிற்றே என்று சிவாஜி மகாராஜ் வருந்தியதாக இங்கே குழந்தைகூடச் சொல்லும். வெற்றியின் விலையை எண்ணிப் பார்க்கத் தெரிந்தவர்கள் இரு மொழியிலும் இருந்திருக்கிறார்கள்.

நாமோ பத்தாவது ரிசல்ட் வந்ததும், "பக்கத்து வீட்டுப் பையன் எத்தனை பர்சென்ட்?" என்றுதான் முதலில் கேட்கிறோம். அந்தக் கேள்வியில் ஒரு பிள்ளை வென்றால் இன்னொரு பிள்ளை தோற்றே ஆகவேண்டும். தொல்காப்பியம் சொல்லும் வாகை அப்படிப்பட்டதன்று. தன் இயல்பில், குற்றமில்லாத வழியில், தன்னால் இயன்ற அளவு மேம்பட்டால் அவரும் வாகை சூடியவரே. தபலா வாசிக்கும் பிள்ளைக்கும், கணக்கில் திணறினாலும் தாத்தாவை அன்போடு பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்கும் அதில் இடம் உண்டு.

தமிழ் எழுத்து தெரியாத பிள்ளைகளுக்கும் இந்தக் கதைகளை வாயால் சொல்லலாம். வாரம் ஒன்று போதும். வெண்ணிக் குயத்தியார் கேட்ட கேள்வியில் தொடங்குங்கள். கரிகாலன் என்ன பதில் சொல்லியிருப்பான் என்று பிள்ளைகளையே கேளுங்கள். பாட்டில் அவன் பதில் இல்லை. பதிலை அவர்கள் தேடட்டும்.