பனிக்கடலின் அடித்தரையில் எந்த உயிர் எங்கே?

புதுச்சேரியின் வடகோடியில் உள்ள கனகசெட்டிக்குளத்து மீனவர் ஒருவரிடம், "கடலுக்கு அடியில் என்ன இருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். இங்கே சேறு, அங்கே மணல், அதற்கும் அப்பால் பார் என்று கைகாட்டிச் சொல்வார். பார் என்பது கடலடியில் உள்ள பாறை நிலம். பாரில் எந்த மீன் கிடைக்கும், சேற்றில் எது கிடைக்கும் என்பதும் அவருக்குத் தெரியும். அவர் அடித்தரையைக் கண்ணால் கண்டவர் அல்லர். வலையில் வந்தவற்றையும், நீரின் நிறத்தையும், நீரோட்டத்தின் போக்கையும் தலைமுறை தலைமுறையாகக் கவனித்துப் பெற்ற அறிவு அது.

இவ்வூரிலிருந்து ஏறத்தாழ நேர் தெற்காக 9,000 கிலோமீட்டர் சென்றால் அண்டார்க்டிகாவை அடையலாம். அங்கே லார்ஸ்மன் குன்றுகளில் 2012-ஆம் ஆண்டு முதல் நம் நாட்டின் 'பாரதி' ஆய்வு நிலையம் இயங்கி வருகிறது. அந்தக் கரைக்கு முன்னால் உள்ள கடலிலோ தலைமுறைகளாக வலை வீசியவர்கள் எவரும் இல்லை. ஆண்டின் பெரும்பகுதி நீர்ப்பரப்பு உறைந்து கிடக்கும். கோடையில் கப்பல் சென்றாலும், கேமராவைக் கயிற்றில் கட்டி இறக்கிப் படமெடுக்கும் பரப்பு மிகவும் சிறியது. பெரிய நெல்வயலில் நாலைந்து கதிர்களை மட்டும் பார்ப்பது போன்றது இது. அப்படியானால், அக்கடலடியில் எந்த உயிர் எங்கே வாழ்கிறது என்று எப்படிச் சொல்வது?

அங்கும் உயிர்கள் உண்டா?

உண்டு, மிகுதியாகவே உண்டு. அண்டார்க்டிகாவைச் சுற்றியுள்ள கண்டத்திட்டு மற்றக் கண்டத்திட்டுகளைவிட ஆழமானது. பெரும்பாலான இடங்களில் அதன் ஆழம் 400 முதல் 500 மீட்டர் வரை இருக்கும். மேலே உள்ள பனியின் எடை கண்டத்தையே அழுத்துவதும், பழங்காலத்துப் பனியாறுகள் தரையைச் சுரண்டிச் சென்றதும் இதற்குக் காரணங்கள். நீரின் வெப்பநிலை பல இடங்களில் சுழியம் பாகைக்கும் கீழே, -1.8 பாகை செல்சியசை நெருங்கியிருக்கும். உப்பு கலந்திருப்பதால் அந்த நிலையிலும் நீர் உறைவதில்லை. அந்தக் குளிரிலும் இருளிலும் கடற்பஞ்சுகள், பவளங்கள், கடல் அட்டைகள், தொட்டால் ஒடியும் நீண்ட கைகளையுடைய நட்சத்திர உயிரிகள் முதலியன வாழ்கின்றன.

இவற்றுள் பல, இருந்த இடத்திலேயே நிலைத்து நின்று, நீரில் மிதந்து வரும் துகள்களை வடிகட்டி உண்பவை. உணவைத் தேடி இவை செல்வதில்லை. உணவு இவற்றைத் தேடி வரவேண்டும். இச்செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதுவே நமக்குச் சாவியாக உதவும்.

சுரபுன்னை கற்பிக்கும் பாடம்

கணிப்பு முறையைப் புரிந்துகொள்ள நம் கரைக்கே வருவோம். பிச்சாவரத்தில் சுரபுன்னைக் காடுகள் உள்ளன. அங்கே ஆற்றுநீரும் கடல்நீரும் கலக்கின்றன. தரை சேறாக உள்ளது. ஓதம் ஏறி இறங்குகிறது. அலையின் வேகம் குறைவு. இந்நான்கையும் குறித்துக்கொண்டு வரைபடத்தைப் பாருங்கள். புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பத்து ஆற்று முகத்தில் இதே நிலைமைகள் உள்ளன. அங்கும் இத்தகைய மரங்கள் இருக்கலாம் என்று நேரில் போகாமலே சொல்லிவிடலாம். சென்று பார்த்தால் உண்மையில் இருக்கின்றன. கனகசெட்டிக்குளத்தின் திறந்த மணற்கரையில் அவை இரா என்பதும் அதே முறையில் கிடைக்கும் விடையே.

அறிவியலறிஞர்களும் இதையே எண்களைக் கொண்டு செய்கின்றனர். ஓர் உயிர் காணப்பட்ட இடங்களையும் காணப்படாத இடங்களையும் பட்டியலிடுகின்றனர். ஒவ்வோர் இடத்துக்கும் ஆழம், தரையின் சரிவு, வெப்பநிலை, பனிமூட்டம், நீரோட்டம் ஆகியவற்றை எழுதுகின்றனர். இவற்றுக்கும் அந்த உயிருக்கும் உள்ள தொடர்பைக் கணிப்பொறி கண்டறிகிறது. பிறகு, எவரும் காணாத இடங்களுக்கு அத்தொடர்பைப் பொருத்துகின்றனர். திரட்டிய தகவல்களில் ஒரு பகுதியை முதலிலேயே தனியாக எடுத்து மறைத்து வைப்பதும் உண்டு. கணிப்பு முடிந்ததும் அதை அப்பகுதியோடு ஒப்பிட்டு, சரியா தவறா என்று பார்ப்பார்கள். மாணவர்க்குத் தேர்வு வைப்பது போன்றதே இது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. ஏற்ற சூழல் உள்ள ஆற்று முகம் ஒவ்வொன்றிலும் சுரபுன்னை இருந்தே தீரும் என்பதில்லை. யாராவது வெட்டியிருக்கலாம், விதை வந்து சேராமலும் இருக்கலாம். கணிப்பு கூறுவது "இங்கே வாழ முடியும்" என்பதையே. "இங்கே வாழ்கிறது" என்பதை அன்று.

மேலிருந்து பொழியும் உணவு

இனி நம் சாவியைப் பயன்படுத்துவோம். கடலடி உயிர்களின் உணவு எங்கிருந்து வருகிறது? கோடையில் பனி விலகியதும், சூரிய ஒளி படும் மேற்பரப்பில் டயாட்டம் போன்ற நுண்தாவரங்கள் பெருகுகின்றன. அவற்றிலுள்ள பச்சையம் கடல் நீரின் நிறத்தை மாற்றுகிறது. இந்நிற மாற்றத்தைச் செயற்கைக்கோள் விண்ணிலிருந்தே அளந்துவிடுகிறது. ஐதராபாதில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் நம் மீனவர்களுக்கு மீன் கிடைக்கக்கூடிய இடங்களை அறிவிப்பதும், செயற்கைக்கோள் அளந்த பச்சையத்தையும் நீர்ப்பரப்பின் வெப்பநிலையையும் கொண்டுதான்.

ஆனால், மேலே பசுமை மிகுந்த இடத்துக்கு நேர் கீழேதான் உணவு விழும் என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு சிறு கணக்குப் போடுவோம். இறந்த டயாட்டங்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்ட கட்டி ஒன்று நாளொன்றுக்கு 100 மீட்டர் வீதம் அமிழ்வதாகக் கொள்வோம். 500 மீட்டர் ஆழத்தை அடைய அதற்கு 5 நாட்கள் ஆகும். நீரோட்டத்தின் வேகம் நொடிக்கு 10 சென்டிமீட்டர் என்றால், ஒரு நாளில் அது 8.64 கிலோமீட்டர் ஓடும். 5 நாட்களில் ஏறக்குறைய 43 கிலோமீட்டர். ஆகவே, கனகசெட்டிக்குளத்துக்கு நேராகக் கடலில் விளைந்த உணவு கடலூரையும் தாண்டிச் சென்று விழும்! தனித்து மிதக்கும் நுண்ணிய டயாட்டம் நாளுக்கு 1 மீட்டர்தான் அமிழும் என்றால், அது அடியை அடைய 500 நாட்கள் வேண்டும். வழியிலேயே அது அழிந்துவிடும், அல்லது பிற உயிர்களுக்கு இரையாகிவிடும்.

சிறிய உருண்டைத் துகளின் அமிழும் வேகம் அதன் விட்டத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதை ஸ்டோக்ஸ் விதியில் படித்திருப்பீர்கள். விட்டம் இருமடங்கானால் வேகம் நான்கு மடங்காகும். வகுப்பறையில் விளக்கெண்ணெய்க்குள் குண்டுமணியை விட்டுச் சோதிக்கும் அதே விதிதான் பனிக்கடலிலும் உணவைப் பங்கிடுகிறது. டயாட்டக் கட்டிகள் பஞ்சு போல் தளர்ந்தவை. ஆதலால் அவற்றிற்கு விதியை அப்படியே பொருத்த முடியாது என்பது மட்டுமே வேறுபாடு.

அடித்தரைக்கு வந்த பிறகும் கதை முடிவதில்லை. நீரோட்டம் வேகமாக உள்ள மேட்டில் துகள் தங்காமல் தரையையொட்டி ஓடிக்கொண்டே இருக்கும். வடிகட்டி உண்பவற்றிற்கு அது விருந்து. அமைதியான பள்ளத்தில் துகள் படிந்து சேறாகும். அங்கே சேற்றைத் தின்னும் உயிர்கள் வாழும்.

மெர்ட்ஸ் பனியாற்றின் கடலில்

இந்த எண்ணத்தை முழுமையாகச் சோதித்துப் பார்த்த இடம் கிழக்கு அண்டார்க்டிகாவில் உள்ள மெர்ட்ஸ் பனியாற்றை அடுத்த கடல். 2007-08 கோடையில் ஆஸ்திரேலியா, பிரான்சு, ஜப்பான் நாடுகளின் மூன்று கப்பல்கள் அங்கே ஆய்வு நடத்தின. கடலடியின் படங்கள் எடுக்கப்பட்டன. பின்னர் யான் யான்சன் என்ற அறிஞரும் அவருடைய குழுவினரும் ஒரு கணிப்பு முறையை உருவாக்கினர். செயற்கைக்கோள் அளந்த பச்சையத்தைக் கொண்டு, மேற்பரப்பில் உணவுத் துகள்கள் எங்கே எவ்வளவு தோன்றும் என்று மதிப்பிட்டனர். நீரோட்டக் கணிப்பினுள் அத்துகள்களை விட்டு, அவை எங்கே விழுகின்றன, விழுந்தபின் எங்கே நகர்கின்றன என்று கணக்கிட்டனர்.

கணக்கு சரியா என்று பார்க்க ஒரு நல்ல வழி இருந்தது. கடலடிச் சேற்றில் குழாயைச் செருகி எடுத்த மாதிரிகளில் எவ்வளவு டயாட்டங்கள் உள்ளன என்று எண்ணி, கணிப்போடு ஒப்பிட்டனர். அடுத்து, படங்களில் கண்ட உயிர்களோடு ஒப்பிட்டனர். உணவு மிகுதியாகச் சென்றடையும் என்று கணிக்கப்பட்ட இடங்களில், வடிகட்டி உண்ணும் உயிர்கள் எண்ணிக்கையிலும் வகையிலும் மிகுந்திருந்தன. இம்முடிவு 2018-இல் வெளியாயிற்று.

கணிப்பை மீறும் உயிர்கள்

எனினும் இயற்கை நம் கணக்குக்கு முழுவதும் அடங்குவதில்லை. 2021-இல் வெளியான ஒரு செய்தி அறிஞர்களை வியப்பில் ஆழ்த்தியது. ஃபில்க்னர்-ரோன் பனித்தட்டில் 900 மீட்டர் பனியைத் துளைத்து இறக்கிய கேமராவில், பாறையொன்றில் ஒட்டி வாழும் கடற்பஞ்சுகள் தெரிந்தன. திறந்த கடல் அங்கிருந்து 260 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. இவ்வளவு உள்ளே நிலைத்து வாழும் உயிர்கள் இருக்கும் என எவரும் எதிர்பார்க்கவில்லை. அதே ஆண்டு வெடல் கடலின் அடித்தரையில், பனிமீன்களின் கூடுகள் ஒரே இடத்தில் ஏறத்தாழ 6 கோடி இருக்கும் என மதிப்பிடும் அளவுக்குப் பரந்து கிடந்தது கண்டுபிடிக்கப்பட்டது. இத்தகைய வியப்புகள் கணிப்பு வீண் என்று காட்டவில்லை. எந்தக் காரணியை நாம் கணக்கில் சேர்க்கவில்லை என்பதையே காட்டுகின்றன.

இதனால் என்ன பயன்?

மெர்ட்ஸ் பகுதிக்கே திரும்புவோம். கப்பல்கள் வந்து சென்ற இரண்டே ஆண்டுகளில், 2010 பிப்ரவரியில், பனியாற்றின் நாக்கு போன்ற பகுதி உடைந்து, ஏறத்தாழ 78 கிலோமீட்டர் நீளமுள்ள பனிமலையாக விலகிச் சென்றது. பனியின் அமைப்பு மாறினால் ஒளி மாறும், ஒளி மாறினால் உணவு மாறும், நீரோட்டமும் மாறும். இருந்த இடத்தை விட்டு நகர முடியாத கடற்பஞ்சுக்கு அப்போது போக்கிடம் ஏது? அண்டார்க்டிகக் கடற்பஞ்சுகளும் பவளங்களும் மிக மெதுவாக வளர்பவை. கடலடியை உரசிச் செல்லும் மீன்பிடித் தளவாடம் ஒரே நாளில் அழித்ததை ஈடுசெய்யப் பல தலைமுறைகள் ஆகும்.

எந்த இடத்தைக் காக்கவேண்டும் என்று தெரிந்தால்தான் காக்க முடியும். மெர்ட்ஸ் ஆய்வில் கண்ட பவளத்திட்டுகள் எளிதில் ஊறுபடும் இடங்கள் என 2008-இலேயே அறிவிக்கப்பட்டன. கிழக்கு அண்டார்க்டிகாவிலும் வெடல் கடலிலும் பெரிய காப்பகங்கள் அமைக்கும் திட்டங்களை முன்மொழிவோருடன் இந்தியாவும் 2021-இல் சேர்ந்துகொண்டது. ஆனால், இதற்கான ஆணையத்தில் உறுப்பு நாடுகள் யாவும் ஒருமனதாக இசையவேண்டும். 2024-ஆம் ஆண்டுக் கூட்டத்திலும் அந்த இசைவு கிட்டவில்லை. இத்தகைய வாதங்களில் நம்பத்தக்க வரைபடம் வலிமையான சான்றாக அமையும்.

நம் பக்கத்திலும் பணிகள் நடந்துள்ளன. சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம், துருவக் கடலில் மூழ்கிப் படமெடுக்கும் ஆளில்லாக் கலம் ஒன்றை உருவாக்கியது. 2015-இல் அது அண்டார்க்டிகாவில் இயக்கப்பட்டது. வடதுருவப் பகுதியில், ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தின் காங்ஸ்ஃபியார்டன் கடற்கழியில், 2014-இல் 'இண்டார்க்' என்ற அளவுக் கருவித்தொகுதி நிறுவப்பட்டது. நீரின் வெப்பம், உப்பு, ஓட்டம் ஆகியவற்றை அது பதிவு செய்தது. மேலே கண்ட கணக்குகளுக்கு வேண்டிய எண்கள் இவையே.

கணிப்பு வரைபடத்தில் நிறம் தீட்டிய இடங்களைப் போலவே, "உறுதியில்லை" என்று குறிக்கப்பட்ட இடங்களும் பயனுடையவை. அடுத்த கப்பல் எங்கே கேமராவை இறக்கவேண்டும் என்பதை அவையே கூறுகின்றன.