பழைய வாரி யந்திரம் வாங்குவோர் கவனிக்க வேண்டிய விஷயங்கள்

வெள்ளகோவில் வட்டாரத்தில் தொழுவங்களிலும் ஆட்டுப்பட்டிகளிலும் சேர்ந்த எருவை வாரி நிலத்துக்குச் சேர்ப்பதும், குளத்து வண்டலை ஏற்றி இறக்குவதும், மேடுபள்ளங்களைச் சமன் செய்வதும் பண்ணையக்காரர்களுக்குக் கோடைகாலத்துப் பெருவேலைகளாகும். ஆட்கள் விசைத்தறிக்கும் பனியன் தொழிலுக்கும் சென்றுவிடுவதால், இவ்வேலைகளுக்குச் சிறு வாரி யந்திரத்தைப் பழைய விலைக்கு வாங்க விரும்புவோர் உண்டு. ‘பாப்கேட்’ என்று பொதுவாக அழைக்கப்படும் இவ்வகை யந்திரம் எரு வாரவே பிறந்ததாகும். 1957-இல் அமெரிக்காவில் மின்னசோட்டா மாகாணத்து ராத்ஸே என்னும் ஊரில் கெல்லர் சகோதரர்கள், வான்கோழிப் பண்ணையொன்றின் கொட்டகையைச் சுத்தம் செய்வதற்காக இதன் முதல் உருவைச் செய்தனர்.

சக்கரமா, பட்டையா?

இவ்யந்திரம் ரப்பர் டயர்ச் சக்கரங்களுடனும், சக்கரங்களுக்குப் பதிலாக இருபுறமும் ரப்பர்ப் பட்டைகளுடனும் கிடைக்கிறது. பட்டை வண்டியின் பாரம் அகலமாகப் பரவுவதால், சேற்றிலும் இளகிய மண்ணிலும் அது புதையாமல் செல்லும். மண்ணையும் அதிகமாக இறுக்காது. ஆகவே அமராவதிக் கரையின் நன்செய்களிலும் வாய்க்கால் பாசன நிலங்களிலும் அது மிகுந்த பிரயோஜனம் தரும்.

ஆனால் வெள்ளகோவில் பக்கத்து மேட்டு நிலங்கள் பெரும்பாலும் சரளை கலந்த செம்மண்ணும், அடியில் சுக்கான்கல்லும் உடையவை. சாதாரண மண்ணில் 1,200 முதல் 1,600 மணி வரை உழைக்கக்கூடிய பட்டை, கூரிய கற்களின்மேல் அவ்வளவு காலம் தாங்காது. வண்டி திரும்பும்போது பட்டை தரையில் உராய்ந்தே திரும்புவதால் தேய்மானம் இன்னும் விரைவாகிறது. வருஷத்தில் பெரும்பகுதி காய்ந்திருக்கும் சரளைக் காட்டுக்குச் சக்கர வண்டியே சிக்கனமானது. விலை குறைவாயிருக்கிறதென்ற ஒரே காரணத்துக்காகப் பட்டை வண்டியை வாங்குவது தவறு.

கீழ்ப்பாகத்தை முதலில் பார்க்க

பட்டை வண்டியில் பழுதுச் செலவின் பெரும்பங்கு கீழ்ப்பாகத்திலேயே உண்டாகிறது. வர்ணம் புதிதாயிருப்பதைக் கண்டு மயங்காமல், குனிந்து கீழ்க்கண்டவற்றைப் பார்க்க வேண்டும்.

1. பட்டையின் ரப்பர்க் கட்டைகள் எவ்வளவு உயரம் மீதியிருக்கின்றன? உள்ளிருக்கும் எஃகுக் கம்பிகள் வெளியே தெரிந்தால் பட்டையை மாற்றியே ஆக வேண்டும். அச்செலவை விலையில் கழிக்க வேண்டும்.

2. பட்டையை ஓட்டும் பல்சக்கரத்தின் பற்கள் அரிவாள் நுனிபோல் வளைந்து கூர்மையாகியிருந்தால் அது தேய்ந்துவிட்டதென்று கொள்ளலாம். தேய்ந்த பல்சக்கரத்தின்மேல் புதுப் பட்டையைப் போட்டால் அதுவும் விரைவில் கெடும்.

3. உருளைகளில் எண்ணெய்க் கசிவும் ஆட்டமும் உண்டா?

4. சமதரையில் நேரே ஓட்டும்போது ஒருபுறமாக இழுத்தால், பட்டையின் இறுக்கம் சமமாக இல்லாமலிருக்கலாம். அல்லது அப்பக்கத்து ஹைட்ராலிக் மோட்டாரோ பம்போ தளர்ந்திருக்கலாம்.

எஞ்சினும் ஹைட்ராலிக்கும்

விற்பவர் எஞ்சினைச் சூடேற்றி வைக்குமுன், காலையிலேயே சென்று குளிர்ந்த நிலையில் ஓட்டச் செய்ய வேண்டும். நீலப்புகை தொடர்ந்து வந்தால் எண்ணெய் எரிகிறதென்றும், சூடான பின்னும் கரும்புகை நீங்காவிட்டால் காற்றோட்டத்திலோ டீசல் செலுத்தும் பாகத்திலோ குறையுண்டென்றும் அறியலாம். ஹைட்ராலிக் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் அதில் நீர் கலந்திருக்கிறது.

பக்கெட்டில் பாரமேற்றி, ஆட்கள் விலகி நிற்க, கைகளைச் சிறிது உயர்த்தி நிறுத்திப் பார்க்க வேண்டும். அவை தாமாகவே விரைவில் இறங்கினால் சிலிண்டரிலோ வால்விலோ கசிவு உண்டு. உயர்த்திய கைகளுக்குப் பூட்டுத் தாங்கல் போடாமல் ஒருவரும் கீழே நுழையலாகாது. எண்ணெய்க் குழாயின் கசிவைக் கையால் தடவிப் பார்க்கவும் கூடாது. மிகுந்த அழுத்தத்துடன் வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உட்சென்று கையையே இழக்கச் செய்யக்கூடும்.

மணிக் கணக்குக் காட்டும் கருவியை மட்டும் நம்புதல் தகாது. சில நூறு மணி மாத்திரமே ஓடியதாகக் காட்டும் வண்டியில் மிதிகட்டைகள் வழவழத்தும், மூட்டு ஊசிகள் ஆடியும், கைகளில் பற்றவைப்புத் தழும்புகள் மிகுந்தும் இருந்தால் சந்தேகிக்க வேண்டும்.

பத்திரங்கள்

முதல் விற்பனைச் சீட்டும் யந்திரத்தின்மேல் பொறித்த எண்ணும் ஒத்திருக்கின்றனவா, கடன் பாக்கி தீர்ந்ததற்கு நிதி நிறுவனத்தின் சான்று உண்டா என்று பார்க்க வேண்டும். பதிவு செய்யப்பட்ட வண்டியானால், 1988-ஆம் வருஷத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, அதே மாநிலத்துக்குள் விற்பவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்குபவர் 30 நாட்களுக்குள்ளும் உரிமை மாற்றத்தை அறிவிக்க வேண்டும். அனுமதியின்றி மண் அள்ளிய வழக்கில் சம்பந்தப்பட்ட யந்திரம் பறிமுதலுக்கு உட்படுமாதலால், அதைப் பற்றியும் விசாரித்தல் நலம். குளத்து வண்டலை எடுக்கவும் முன் அனுமதி அவசியமென்பதைக் கிராம அதிகாரிகள் குடியானவர்களுக்கு எடுத்துரைக்க வேண்டும்.

வாங்குவதா, வாடகைக்கு அமர்த்துவதா?

உதாரணமாக, 10 லட்சம் ரூபாய்க்கு, நூற்றுக்கு 10 வட்டியில் யந்திரம் வாங்கினால், வருஷத்துக்கு வட்டி மட்டும் 1 லட்சம் ஆகும். வருஷத்தில் 500 மணி வேலையிருந்தால் மணிக்கு 200 ரூபாயும், 100 மணியே இருந்தால் மணிக்கு 1,000 ரூபாயும் வட்டிக்கே போய்விடும். டீசல், ஓட்டுநர் கூலி, பட்டைத் தேய்மானம், பழுது ஆகியவை இதற்கு மேற்பட்டவை. ஆகவே சொந்த நிலத்தின் வேலை மணிகளை முதலில் எழுதிக் கூட்டிப் பார்க்க வேண்டும். வேலை குறைவாயிருப்பின் வாடகையே மேல். மண் வேலைக்குரிய யந்திரங்களை வேளாண்மைப் பொறியியல் துறையும் வாடகைக்கு விடுகிறது. அக்கம்பக்கத்து நிலக்காரர்கள் நால்வர் கூடி வாங்குவதாயின், முறை நாட்களையும் பழுதுச் செலவின் பங்கையும் முன்னதாகவே எழுதிக்கொள்ளுதல் நன்று.

மேல்மண் காத்தல்

எவ்வகை யந்திரமானாலும், சமன் செய்யும்போது மேல்மண்ணைத் தனியே ஒதுக்கி வைத்து, வேலை முடிந்ததும் மீண்டும் பரப்ப வேண்டும். கொறங்காட்டில் பக்கெட்டை இழுத்தால் கொழுக்கட்டைப் புல்லின் வேரும் உடன் பெயர்ந்துவிடும். காங்கேயம் மாடுகளின் மேய்ச்சல் அதனால் குன்றும். கெட்ட யந்திரத்தை விற்றுவிடலாம். ஒரு நாளில் வாரி எறிந்த மேல்மண்ணைத் திரும்பப் பெற ஒரு தலைமுறையும் போதாது.