உண்ணி கடித்தால் ‘பூச்சி கடித்தது’ என்று சொல்லாதீர்கள்

ஸ்காபரோவில் இருக்கும் எங்களுக்கு றூஜ் பூங்கா கூப்பிடு தூரம். கோடை வந்தால் ஒன்றுகூடல், பார்பிக்யூ எல்லாம் அங்கேதான். அதனால் இம்மாதம் உண்ணியைப் பற்றிப் பேசுகிறேன்.

ஊரில் உண்ணி என்றால் மாட்டிலும் நாயிலும் இருந்து பிடுங்கி எறிகிற சாமான். என் அம்மாவும் அப்படித்தான் நினைத்தார். இரண்டு வருடங்களுக்கு முன் றூஜுக்குப் போய் வந்த மறுநாள் தொடையில் ஒன்று ஒட்டியிருக்கக் கண்டு, தேங்காயெண்ணெய் பூசினார். விழவில்லை. நகத்தால் கிள்ளி எறிந்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டார். பத்து நாளில் காய்ச்சல், மூட்டு உளைவு. “வயது போனால் வாறதுதானே” என்றார். தொடையில் இருந்த அடையாளத்தைக் காட்ட வெட்கம்.

மருத்துவ நிலையம் ஒன்றில் என் மகன்தான் மொழிபெயர்த்தான். அம்மா ‘உண்ணி’ என்றார். அவன் ‘பூச்சி’ என்று சொல்லிவிட்டான். படர்தாமரைக்குப் பூசுமருந்து தந்து அனுப்பினார்கள். அடையாளம் உள்ளங்கையை விடப் பெரிதான பிறகுதான் குடும்ப வைத்தியரிடம் போனோம். அவர் பார்த்தவுடன் ‘டிக் கடித்ததா?’ என்று கேட்டார். அந்தச் சொல்லைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

அது லைம் நோய். கருங்கால் உண்ணி பரப்பும் பக்ரீரியாவால் வருவது. ஒன்ராறியோவில் 1970களில் எரி ஏரிக்கரை லோங் பொயின்ற்றில்தான் இந்த உண்ணி முதலில் நிலைகொண்டது. குளிர் குறையக் குறைய மற்ற இடங்களுக்கும் பரவிவிட்டது. இளம் உண்ணி கசகசா அளவு, வளர்ந்தது எள்ளளவு. அது பாய்வதில்லை, பறப்பதில்லை. புல் நுனியில் காத்திருந்து தொற்றிக்கொள்ளும். வெப்பநிலை 4 பாகைக்கு மேல் போனாலே நடமாடும், ஆகவே ஒக்ரோபரிலும் கவனம் தேவை.

கடித்த 3 முதல் 30 நாட்களுக்குள் தோலில் தடிப்பு பரவலாம். புத்தகப் படங்களில் அது வெள்ளைத் தோலில் சிவப்பு வட்டமாக இருக்கும். எங்கள் நிறத்தில் கண்டல் போலக் கருமையாகத் தெரியலாம். சிலருக்குத் தடிப்பே வராது. முதல் வாரங்களில் இரத்தப் பரிசோதனையும் ஒன்றும் காட்டாமல் போகலாம். கவனிக்காமல் விட்டால் முகம் ஒரு பக்கம் இழுக்கலாம், முழங்கால் வீங்கலாம், இதயத் துடிப்பு குழம்பலாம். அம்மாவுக்கு டொக்சிசைக்கிளின் குளிசையோடு சுகமாகிவிட்டது. நேரத்தோடு பிடித்தால் சுகப்படுத்தக்கூடிய நோய்தான்.

நோய் தொற்றப் பொதுவாக 24 மணிநேரமாவது உண்ணி ஒட்டியிருக்க வேண்டும். எனவே வீட்டுக்கு வந்தவுடன் அக்குள், தொடையிடுக்கு, முழங்கால் மடிப்பு, தலைமயிர் எல்லாம் பாருங்கள். உடுப்பை உலர்த்தியில் கடும் சூட்டில் 10 நிமிடம் போடுங்கள். உண்ணியைக் கண்டால் எண்ணெய், நெருப்பு வேண்டாம். கூர்முனைச் சாவணத்தால் தோலோடு ஒட்டப் பிடித்து, திருகாமல் நேரே இழுங்கள். கழற்றி 72 மணிநேரத்துக்குள் என்றால், தகுதியுள்ளவர்களுக்கு ஒரு தடவை மட்டும் எடுக்கும் தடுப்பு மருந்து உண்டு. 2023 ஜனவரி முதல் ஒன்ராறியோவில் மருந்தாளரே அதை எழுதித் தரலாம், வைத்தியருக்குக் காத்திருக்கத் தேவையில்லை.

எங்கள் வீட்டுச் சாவணம் இப்போது அம்மாவின் கைப்பையில் இருக்கிறது.