இருட்டில் சைக்கிள்: நாம் காண்கிறோம், எம்மைக் காண்கிறார்களா?

ஒக்டோபர் மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பி வைத்ததுமே, பிரித்தானியாவில் பின்னேரம் என்பதே இல்லாமற் போய்விடுகிறது. டிசெம்பர் நடுப்பகுதியில் லண்டனில் மாலை 4 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். பாடசாலை முடிந்து நண்பர்களுடன் நின்றுவிட்டு வரும் பிள்ளைகளும், வேலை முடிந்து வரும் பெரியவர்களும் இருட்டில்தான் வீடு திரும்புகிறார்கள். இவர்களில் சைக்கிளில் வருகிறவர்களைப் பற்றி எமது மருத்துவப் பக்கத்தில் இம்முறை பார்ப்போம்.

சைக்கிளுக்கும் மருத்துவத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் நினைக்கலாம். நீரிழிவும் இருதய நோயும் எம்மவரிடையே அதிகம். அதனால் "நடவுங்கள், சைக்கிள் ஓடுங்கள்" என்று வைத்தியர்களாகிய நாமே சொல்லி அனுப்புகிறோம். அதைப் பாதுகாப்பாகச் செய்வது எப்படி என்றும் நாமே சொல்லவேண்டும். அத்துடன், எம்மவரில் பலருக்கு சைக்கிள் உடற்பயிற்சி அல்ல, பிழைப்பு. ரெஸ்ரோறன்ற் கிச்சினில் நள்ளிரவில் வேலை முடிப்பவர்கள், பஸ் ஓடத் தொடங்கு முன்பே வேலைக்குப் புறப்படுகிறவர்கள், முதுகில் பெட்டியுடன் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டு போகும் இளைஞர்கள் என்று பலர் இருக்கிறார்கள். இவர்களில் ஒருவருக்குக் கை முறிந்தால் ஆறு கிழமைக்கு வேலை இல்லை. ஊரில் அந்தக் காசை நம்பியிருக்கும் பெற்றோருக்கும் அது இல்லை.

அடிபட்டு எம்மிடம் வருகிறவர்கள் சொல்லும் கதை பெரும்பாலும் ஒன்றுதான். "டொக்டர், நான் காரைக் கண்டனான். அவனும் என்னைக் கண்டிருப்பான் எண்டுதான் நினைச்சனான்." கார்ச் சாரதியைக் கேட்டால் "நான் காணவே இல்லை" என்பார். இருவருமே பொய் சொல்வதில்லை. இந்த இரண்டு வசனங்களுக்கும் இடையில்தான் விபத்து நடக்கிறது.

ஊர்ப் பழக்கம் இங்கு உதவாது

1990இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்று, எரிபொருளும் தடைப்பட்ட பின்னர், எமக்கெல்லாம் சைக்கிள்தான் காராகவும் லொறியாகவும் அம்புலன்ஸாகவும் இருந்தது. நிலவு வெளிச்சத்தில், பழகிய ஒழுங்கைகளில் லைற் இல்லாமலே ஓடித் திரிந்தோம். எதிரே வந்ததும் பெரும்பாலும் இன்னொரு சைக்கிள்தான். மணி அடித்தால் போதும். அந்தத் துணிச்சல் எம்மில் பலருக்கு இன்றும் போகவில்லை. ஆனால் இங்கே பின்னால் வருவது மணிக்கு 30 அல்லது 40 மைல் வேகத்தில் ஓடும் ஒரு தொன்னுக்கு மேற்பட்ட பாரம். அதன் சாரதி கண்ணாடிகளை மூடிக்கொண்டு வானொலி கேட்டபடி வருகிறார். எமது மணி அவருக்குக் கேட்காது.

கணக்கைப் பாருங்கள்

காருக்கு இரண்டு பெரிய லைற்றுகள் உண்டு. அதை நாம் அரை மைல் தூரத்திலேயே காண்கிறோம். அதனால் அவரும் எம்மைக் காண்பார் என்று எமது மனம் தானாகவே எடுத்துக்கொள்கிறது. உண்மையோ வேறு. தாழ்த்திய லைற் வெளிச்சத்தில், கறுப்பு உடையணிந்த ஒருவரைச் சாரதி காண்பது சுமார் 30 மீட்டர் தூரத்துக்கு வந்த பின்னர்தான்.

இனி, நெடுஞ்சாலை விதிக்கோவை தரும் கணக்கு இது. 30 மைல் வேகத்தில் வரும் கார் முற்றாக நிற்க 23 மீட்டர் வேண்டும். 40 மைல் வேகத்தில் 36 மீட்டர் வேண்டும். இவை காய்ந்த வீதிக்கான கணக்கு. வீதி ஈரமாக இருந்தால் குறைந்தது இரண்டு மடங்கு. அப்படியானால் மழை இரவில், 30 மைல் வேகத்தில் ஒழுங்காக வரும் நல்ல சாரதி கூட, கறுப்பு ஜக்கெற் போட்ட எமது பிள்ளையைக் கண்ட பின்னர் நிறுத்த முடியாது. பிழை யாருடையது என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. தூரம் போதாது, அவ்வளவுதான்.

மஞ்சள் ஜக்கெற் இரவில் போதுமா?

"நான் ஹை-விஸ் ஜக்கெற் போடுகிறேன்" என்று சிலர் நிம்மதியாகச் சொல்வார்கள். இங்கேதான் ஒரு முக்கியமான விடயம் இருக்கிறது. பளிச்சென்ற மஞ்சள் அல்லது செம்மஞ்சள் துணி பகல் வெளிச்சத்திலுள்ள புற ஊதாக் கதிர்களை வாங்கி, கண்ணுக்குத் தெரியும் ஒளியாக மாற்றித் தருகிறது. அதனால்தான் பகலிலும் மாலை மங்கலிலும் அது அப்படி மின்னுகிறது. சூரியன் மறைந்த பின் அந்தக் கதிர்கள் இல்லை. அந்த மின்னலும் இல்லை.

இரவில் வேலை செய்வது வேறொரு பொருள். ஜக்கெற்றில் சாம்பல் நிறக் கோடாகத் தைத்திருக்கும் ஒளி தெறிக்கும் பட்டிதான் அது. கார் லைற்றின் ஒளி அதில் பட்டதும், வந்த திசைக்கே, சாரதியின் கண்ணை நோக்கியே திரும்பிப் போகும். எனவே ஜக்கெற் வாங்கும்போது நிறத்தை மட்டும் பார்க்காமல் இந்தப் பட்டி இருக்கிறதா என்று பாருங்கள்.

காலில் கட்டுங்கள்

அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் ஜோன் வூட்டும் அவரது குழுவினரும் இதனை இரவில், மூடிய வீதியொன்றில், உண்மையான சாரதிகளைக் கொண்டு பரிசோதித்தார்கள். 2012இல் வெளியான முடிவு எம் எல்லோரையும் யோசிக்க வைக்கும். கறுப்பு உடையணிந்த சைக்கிளோட்டியைச் சாரதிகள் அடையாளம் கண்டது 100இல் 2 தடவைகள் மட்டுமே. பளிச்சிடும் மஞ்சள் ஜக்கெற்றுக்கு 15. ஒளி தெறிக்கும் ஜக்கெற்றுக்கு 50. அதே ஜக்கெற்றுடன் முழங்காலிலும் கணுக்காலிலும் ஒளி தெறிக்கும் பட்டி கட்டியபோது 90.

இரண்டு சிறு பட்டிகள் ஏன் இவ்வளவு வித்தியாசத்தைத் தருகின்றன? 1973இல் சுவீடன் உளவியலாளர் குன்னார் யொஹான்சன் இதற்கான விளக்கத்துக்கு வழிகாட்டினார். இருட்டில் ஒருவரின் மூட்டுக்களில் மட்டும் ஒளிப்புள்ளிகள் தெரிந்தால் போதும், அவர் அசைந்தவுடனே அது மனிதன் என்று எமது மூளை கண்டுகொள்ளும் என அவர் காட்டினார். பெடலை மிதிக்கும்போது கால்கள் மேலும் கீழும் போகின்றன. அந்த அசைவைக் கண்டதும் "இது குப்பைத் தொட்டி அல்ல, வீதிப் பலகை அல்ல, மனிதன்" என்று சாரதியின் மூளை உடனே தீர்மானிக்கிறது. சில பவுண்களுக்கு வாங்கக்கூடிய பட்டிகள் செய்யும் வேலை இது.

லைற் கட்டாயம்

பட்டி இருக்கிறது என்று லைற்றை விட்டுவிட முடியாது. பக்கத்து ஒழுங்கையிலிருந்து வெளியே வரும் காரின் லைற் வெளிச்சம் எம்மேல் படாது. அங்கே எமது சொந்த லைற்தான் எம்மைக் காட்டும். பிரித்தானியச் சட்டப்படி, சூரியன் மறைந்ததிலிருந்து உதிக்கும் வரை ஓடும் சைக்கிளில் முன்னே வெள்ளை லைற், பின்னே சிவப்பு லைற், பின்னே சிவப்பு ஒளிதெறிப்பான், பெடல்களில் மஞ்சள் ஒளிதெறிப்பான்கள் இருக்கவேண்டும். மினுங்கும் லைற்றுகளுக்கும் 2005 முதல் அனுமதி உண்டு.

நாம் அடிக்கடி கவனிக்கும் குறைகள் சில:

1. பின் லைற் இருக்கிறது, ஆனால் நீண்ட ஜக்கெற் அல்லது சாப்பாட்டுப் பெட்டி அதை மறைக்கிறது.
2. ஒளி தெறிக்கும் ஜக்கெற்றுக்கு மேலே கறுப்புப் புத்தகப் பை. பின்னால் வருபவருக்குத் தெரிவது பை மட்டுமே.
3. குளிரில் பற்றரி விரைவில் தீர்ந்துவிடுகிறது. பையில் ஒரு சிறு லைற் மேலதிகமாக வைத்திருங்கள்.
4. முன் லைற் நேரே எதிரில் வருபவரின் கண்ணில் அடிக்கிறது. சற்றுக் கீழே சரித்து விடுங்கள்.

ஓடும்போது வீதிக் கரையோடு ஒட்டி ஓடாமல் குறைந்தது அரை மீட்டர் தள்ளியும், நிறுத்தியிருக்கும் கார்களிலிருந்து ஒரு மீட்டர் தள்ளியும் ஓடுங்கள். தலைக்கவசம் சட்டப்படி கட்டாயமில்லை. ஆனால் வைத்தியர் என்ற முறையில் நாம் அதை வற்புறுத்துவோம்.

கார் ஓடுபவர்களுக்கு

எமது வீடுகளில் சைக்கிளும் உண்டு, காரும் உண்டு. எனவே இதுவும் எமக்கே. இருபது வயதினரின் விழித்திரைக்குப் போகும் ஒளியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதினரின் விழித்திரையைச் சென்றடைகிறது. இதனுடன் கண்புரையோ, நீரிழிவால் வரும் விழித்திரைப் பாதிப்போ சேர்ந்தால் இரவில் ஓடுவது இன்னும் கடினம். எதிரே வரும் லைற் வழமையை விடக் கூசுகிறது, லைற்றைச் சுற்றி வளையம் தெரிகிறது என்றால் கண் பரிசோதனைக்குப் போங்கள். இங்கிலாந்தில் 60 வயதை அடைந்தவர்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் அது இலவசம்.

2022 ஜனவரியில் திருத்தப்பட்ட நெடுஞ்சாலை விதிக்கோவையின்படி, 30 மைல் வேகம் வரையில் சைக்கிளை முந்தும்போது குறைந்தது 1.5 மீட்டர் இடைவெளி விடவேண்டும். காரை நிறுத்தியபின் கதவை இடது கையால் திறவுங்கள். அப்போது உடம்பு தானாகத் திரும்பும், பின்னால் வரும் சைக்கிள் கண்ணில் படும்.

விழுந்துவிட்டால்

"ஒன்றுமில்லை" என்று எழும்பி வேலைக்குப் போவது எம்மவர் வழக்கம். தலையில் அடிபட்டிருந்தால் அப்படிச் செய்யவேண்டாம். நினைவு தப்புதல், மீண்டும் மீண்டும் சத்தி, வலிப்பு, கூடிக்கொண்டு போகும் தலையிடி, வழமைக்கு மாறான தூக்கம் அல்லது குழப்பம், காது மூக்கிலிருந்து தெளிந்த நீர் வடிதல் ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள், அல்லது 999ஐ அழையுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள், எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும் காட்டியே ஆகவேண்டும். முதல் நாள் இரவு தனியே இருக்கவேண்டாம். அறையில் கூட இருப்பவரிடம் விடயத்தைச் சொல்லி வையுங்கள்.

இந்தக் கிழமை வீட்டில் ஒரு சிறு பரிசோதனை செய்து பாருங்கள். இருட்டியபின் பிள்ளை வழமையாகப் போடும் உடையுடன் சைக்கிளைப் பிடித்தபடி ஆள் நடமாட்டமில்லாத நடைபாதையில் தூரத்தில் நிற்கட்டும். நீங்கள் ஒரு ரோச் லைற்றைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து அடித்துப் பாருங்கள். பிறகு காலில் பட்டி கட்டி இன்னொரு முறை பாருங்கள். அதற்குமேல் பிள்ளைக்கு நாம் விளங்கப்படுத்தத் தேவை இருக்காது. தனியே அறை எடுத்திருக்கும் இளைஞர் யாராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால், அவருக்கும் ஒரு சோடிப் பட்டி வாங்கிக் கொடுங்கள்.