வெப்பம் சுமக்கும் நீர்

இஸ்திரிப் பெட்டியின் அடித்தட்டு ஏறக்குறைய 200 சதுர சென்டிமீட்டர் இருக்கும். 1,000 வாட் பெட்டியென்றால் சதுர சென்டிமீட்டருக்கு 5 வாட் வெப்பம். அந்த ஐந்து வாட்டுக்கே சட்டையின் சுருக்கமெல்லாம் விட்டுப் போகிறது. இப்போது வீட்டுக் கணினிக்குள் எட்டிப் பார்ப்போம். இன்டெல் 2023இல் வெளியிட்ட கோர் ஐ9-14900கே சிப், முழு வேகத்தில் ஓடும்போது 253 வாட் வரை எடுத்துக்கொள்ளும். அதன் சிலிக்கான் துண்டின் பரப்பு 257 சதுர மில்லிமீட்டர்தான், பெருவிரல் நகத்தளவு. எடுத்துக்கொண்ட மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகவே வெளியே வந்தாக வேண்டும். கணக்குப் போட்டால் சதுர சென்டிமீட்டருக்கு 98 வாட் வருகிறது. இஸ்திரிப் பெட்டியைப்போல் இருபது மடங்கு! அத்தனை சூட்டுக்கு நடுவிலும் அந்தச் சிப் 100 டிகிரியைத் தாண்டக் கூடாது. அந்த எல்லையைத் தொட்டால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

முதன்முறையாக வாட்டர் கூலிங் வாங்க நினைப்பவர் இந்த ஒரு படத்தை மனதில் வைத்துக்கொண்டால் போதும். நகத்தளவு இடத்தில் பிறக்கும் வெப்பத்தை அள்ளிக்கொண்டு போய், அகலமான இடத்தில் பரப்பிவிட வேண்டும். வேலை அவ்வளவுதான்.

அள்ளுவதில் நீருக்கு நிகரில்லை. ஒரு கிராம் நீரை ஒரு டிகிரி சூடாக்க 4.18 ஜூல் வேண்டும். காற்றுக்கு ஒரு ஜூல் போதும். நீரின் அடர்த்தியையும் சேர்த்துப் பார்த்தால் வித்தியாசம் மலைக்க வைக்கும். ஒரு லிட்டர் நீர் ஒரு டிகிரி சூடேறும்போது வாங்கிக்கொள்ளும் வெப்பத்தை வாங்க ஏறக்குறைய 3,500 லிட்டர் காற்று தேவை. பத்தடிக்குப் பத்தடி அறையின் உயரமும் பத்தடி என்றால், அதிலுள்ள காற்றில் எட்டில் ஒரு பங்கு அது. சிப்பின் மேல் உட்காரும் செம்புத் தகட்டில் மயிரிழைபோல் நெருக்கமாகச் சீவிய பள்ளங்கள் இருக்கும். அவற்றின் வழியே நிமிடத்துக்கு ஒரு லிட்டர் நீர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 253 வாட்டையும் வாங்கிக்கொண்டு வெளியே வரும் நீர், உள்ளே போனபோது இருந்ததைவிட 3.6 டிகிரிதான் சூடேறியிருக்கும். முதன்முதலில் இந்தக் கணக்கைப் போட்டபோது எனக்கே நம்பிக்கை வரவில்லை. திரும்பப் போட்டுப் பார்த்தேன். கொதிக்கும் நீர் குழாயில் பாய்வதாக நாம் கற்பனை செய்கிறோம். உண்மையில் சுற்று முழுவதும் நீர் ஏறக்குறைய ஒரே வெப்பநிலையில்தான் இருக்கிறது.

ஆனால் சுமந்த நீர் எங்கேயாவது இறக்கிவைக்க வேண்டுமே. ரேடியேட்டர் அதற்குத்தான். மெல்லிய தகடுகளுக்கிடையே நீர் ஓட, ஃபேன்கள் அறைக் காற்றை அதன் ஊடே தள்ளுகின்றன. கடைசியில் குளிர்விப்பது காற்றுதான். இங்கே பலர் ஏமாந்துபோகிறார்கள். நம் வீட்டு மண்பானைத் தண்ணீர் அறையைவிடக் குளிர்ந்திருக்கும். பானையின் நுண்துளை வழியே கசியும் நீர் ஆவியாகி வெப்பத்தை எடுத்துப் போவதால் அது நடக்கிறது. கணினியின் குழாய்கள் மூடியவை. அங்கே நீர் ஆவியாகிப் போக வழியில்லை. ஆகவே மே மாதத்தில் அறை 35 டிகிரி இருந்தால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய அமைப்பும் நீரை 35க்குக் கீழே இறக்காது. அறையின் புழுக்கமும் குறையாது. 253 வாட் வெப்பம் எந்த வழியில் வெளியேறினாலும் வந்து சேரும் இடம் உங்கள் அறைதான்.

இன்னொரு விந்தையும் உண்டு. 'ஏர் கூலர்' என்று விற்கப்படும் பெரிய ஹீட்சிங்கிற்குள்ளும் நீர் இருக்கிறது. அதன் அடியிலிருந்து மேலேறும் செம்புக் குழாய்களைப் பார்த்திருப்பீர்கள். அவை வெற்றுக் குழாய்கள் அல்ல. உள்ளிருந்த காற்றை வெளியேற்றி, சில துளி நீர் விட்டு மூடியிருப்பார்கள். அழுத்தம் குறைவாக இருப்பதால் அந்த நீர் 40, 50 டிகிரியிலேயே கொதித்து, ஆவியாகி மேலே ஓடும். அங்கே குளிர்ந்து நீராகும்போது கிராமுக்கு 2,200 ஜூலுக்கு மேல் வெப்பத்தைக் கொட்டிவிட்டு, சுவரோரத் திரி வழியே கீழே திரும்பும். பம்ப் இல்லை, சத்தம் இல்லை. அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் 1963இல் செய்துகாட்டிய கருவி இது. விண்கலங்களில் பயன்பட்டது, இப்போது நம் மேசைக்கடியில் இருக்கிறது.

அப்படியானால் பம்ப் வைத்த அமைப்பு எதற்கு? தூரத்துக்காக. வெப்பக் குழாய் சில அங்குலம்தான் சுமக்கும். சிப்பின் தலைக்கு மேலேயே, கேபினெட்டின் சூடான காற்றுக்கு நடுவிலேயே இறக்கிவைக்கும். பம்ப் தள்ளும் நீர், கேபினெட்டின் விளிம்பு வரை கொண்டுபோய், அகலமான ரேடியேட்டரில் பரப்பும்.

இதை வைத்தே தேர்வு செய்யலாம். 65 வாட் வகைச் சிப், உதாரணமாக ரைசன் 5 7600, வைத்திருப்பவருக்கு வாட்டர் கூலிங் தேவையே இல்லை. நல்ல ஏர் கூலரே தாராளம். மிச்சப்படும் பணத்தில் நினைவகம் கூட்டிக்கொள்ளலாம். 120 முதல் 170 வாட் வரை உள்ள சிப்புகளுக்கு 240 மி.மீ. ரேடியேட்டரும் சரி, இரட்டைக் கோபுர ஏர் கூலரும் சரி. 14900கே போன்றவற்றை வீடியோ எடிட்டிங்கில் மணிக்கணக்காக ஓட்டுபவருக்கு 360 வேண்டும், குறைக்கக் கூடாது. விலைப்பட்டியலில் பம்பின் மேலுள்ள திரையையும் வண்ண விளக்கையும்விட ரேடியேட்டரின் பரப்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மூடிய அமைப்பா, தானே குழாய் வெட்டிக் கட்டும் அமைப்பா என்பது அடுத்த கேள்வி. 1990களின் பிற்பகுதியில் ஆர்வலர்கள் கார் ஹீட்டரின் ரேடியேட்டரையும் மீன்தொட்டிப் பம்பையும் சேர்த்துத்தான் இதைத் தொடங்கினார்கள். டென்மார்க்கின் அசெடெக் நிறுவனம் பம்பையும் செம்புத் தகட்டையும் ஒரே கட்டாக்கி, ஆலையிலேயே நீர் நிரப்பி மூடிக் கொடுத்தது. அதன் தயாரிப்பில் 2009இல் வந்த கோர்செய்ர் எச்50 இதை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தது. முதல்முறை வாங்குபவருக்கு மூடிய அமைப்பே என் தீர்ப்பு.

காரணம் வேதியியல். செம்பும் அலுமினியமும் ஒரே நீரில் நின்றால் அது ஒரு மின்கலம். அலுமினியம் மெல்ல மெல்ல அரித்துக் கரையும். மூடிய அமைப்புகள் பலவற்றில் தகடு செம்பு, ரேடியேட்டர் அலுமினியம். ஆலையில் கலந்த அரிப்புத் தடுப்புத் திரவம்தான் அதைக் காக்கிறது. தானே கட்டும்போது அந்தப் பொறுப்பு முழுவதும் நம்முடையது. செம்பு, பித்தளை, நிக்கல் பூச்சு என்று ஒரே குடும்பத்துக்குள் நிற்க வேண்டும், குழாய்த் தண்ணீரைத் தொடக் கூடாது, பாசி படியாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். கட்டும் சுகத்துக்காகச் செய்கிறவர்கள் இரண்டாவது கணினியில் தாராளமாகச் செய்யட்டும்.

மூடியது என்றாலும் உள்ளே கொஞ்சம் காற்று இருக்கும். ரப்பர் குழாயின் சுவர் வழியே வருடக்கணக்கில் நீர் மிக மெதுவாக வெளியேறுவதால் அது கூடிக்கொண்டே போகும். காற்று எப்போதும் சுற்றின் உச்சிக்கே போகும். பம்ப் உச்சியில் இருந்தால் அது காற்றை விழுங்கிக் களகளவென்று சத்தமிட்டு, சீக்கிரம் தேயும். ஆகவே ரேடியேட்டரைக் கேபினெட்டின் மேல்பக்கம் பொருத்துங்கள். முன்பக்கம்தான் இடமென்றால் அதன் மேல்முனையாவது பம்பைவிட உயரமாக இருக்கட்டும்.

பொருத்திய பின் ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டுத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். நீர் சூடேற நேரமெடுக்கும். அரை மணி நேரம் முழு வேகத்தில் ஓட்டிப் பார்த்தால்தான் உண்மையான எண் தெரியும்.

பணம் கட்டுவதற்கு முன் அளவுநாடாவை எடுத்துக் கேபினெட்டின் உட்புறத்தை ஒருமுறை அளந்துவிடுங்கள். 360 என்பது மூன்று ஃபேன்களின் நீளம் மட்டும்தான். இரு முனைத் தொட்டிகளையும் சேர்த்தால் ரேடியேட்டர் ஏறக்குறைய 400 மி.மீ. நீளம் வரும். அதன் தடிமன் பெரும்பாலும் 27 மி.மீ., ஃபேனின் தடிமன் 25. ஆக மொத்தம் 52 மி.மீ. இடம் வேண்டும்.